அம்பிகா எழுதி வைத்த வரி

ஆம்பூர் ஷூ கம்பெனியின் தரப் பிரிவில் எப்சிக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். போன மாதம் பழைய புகார் ரிஜிஸ்டர்களையெல்லாம் ஸ்கேன் செய்து ஏ.ஐ.யில் ஏற்றியிருந்தார்கள். கேள்வி கேட்டால் அது பழைய பக்கத்தைத் தேடியெடுத்துப் பதில் சொல்லும்.

அடைமழையில் கறுப்பு ஷூக்களில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. எப்சி காரணம் கேட்டாள். பெட்டிகளைச் சுவரை ஒட்டி அடுக்கினால் ஈரம் ஏறும் என்று பதில் வந்தது. கூடவே 2003-ஆம் வருஷத்துப் பக்கமும் திறந்தது. அப்போது உடன் வேலை செய்த அம்பிகாவின் சாய்ந்த கையெழுத்து. கடைசி வரி: "இதைக் கண்டுபிடித்தது எப்சி."

எப்சி அதை மூன்று முறை படித்தாள். அன்றைக்கு மேனேஜர் அம்பிகாவைத்தான் பாராட்டினார். கண்டுபிடித்தவள் பெயரை அம்பிகா மறைத்துவிட்டாள் என்று நினைத்து எப்சி பேச்சையே நிறுத்திவிட்டாள். அதுவரை ஒரே டப்பாவில் சாப்பிட்டு, பஸ் முழுக்கப் பாடிக்கொண்டே வீடு திரும்பிய இருவர்.

இப்போது குடியாத்தத்தில் இருக்கும் அம்பிகாவுக்குப் போன் போட்டாள்.

"அம்பிகா, நான் எப்சி பேசறேன்டி."



"இன்னாடி, இத்தினி வருஷம் கழிச்சு?" என்றாள் அம்பிகா.

எப்சி மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச்சொல்லிவிட்டாள் அம்பிகா.