இறுவட்டில் ஏறாத முகங்கள்

கேதீஸ்வரிக்குக் கணினியில் கைராசிக்காரி என்று ஒரு பேர் இருந்தது. கடல் ஊருக்குள் வந்து போன மறுமாதமே மட்டக்களப்பில் திரும்பின பக்கமெல்லாம் நிவாரண நிறுவனங்கள் பலகை நட்டன அல்லவா, அதில் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. வெளிநாட்டுக்காரர் வந்தால் இடிந்த வீடும் உடைந்த தோணியும் ஒவ்வொன்றாகத் திரையில் வரும்படி படக்காட்சி செய்து கொடுப்பாள். கூட்டம் எங்கே நடந்தாலும் அவளுடைய கணினியையே வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஒருநாளும் காட்சி பிசகினதில்லை. அப்படிப் பிசகாமல் இருந்ததுதான் பின்னால் வினையாகப் போகுமென்று அன்றைக்கு யார் கண்டது?

இரண்டாயிரத்து ஒன்பதில் சண்டை முடிந்தது. வன்னியிலிருந்து வந்த சனத்தையெல்லாம் வடக்கே முகாம்களில் கம்பிக்குள் வைத்திருந்தார்கள். பிள்ளைகளை வன்னிச் சண்டைக்குப் பறிகொடுத்த வாகரைப் பக்கத்துத் தாய்மார், அந்தக் கம்பிக்குள் தங்கள் பிள்ளை இருக்குமோ என்று அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்கள். அவர்களை உள்ளே விடுவாரில்லை. அப்போது கேதீஸ்வரியின் அலுவலகத்தில் ஒரு யோசனை வந்தது. காணாமல் போனவர்களின் படங்களை ஒரு படக்காட்சியாக்கி, சீடி என்கிற இறுவட்டுகளில் எழுதி, ஏழு முகாம் அலுவலகங்களுக்கும் அனுப்புவது. அங்கே இருக்கிற கணினியில் போட்டுக் காட்டினால், முகத்தைக் கண்டவர்கள் சொல்லாமலா விடுவார்கள்?

நாற்பத்தொரு படம் சேர்ந்தது. கடைசியாக வந்தவள் பனிச்சங்கேணித் தெய்வமணி. மகன் உதயரூபனின் அடையாள அட்டைப் படத்தைப் பொலித்தீனில் சுற்றி, பிஸ்கட் தகரத்தில் வைத்து, தகரத்தைச் சேலையில் மூடிக்கொண்டு வந்தாள். சுனாமிக்கு வீட்டோடு போன அந்தத் தகரம் நாலாம் நாள் கண்டல் காட்டுச் சேற்றுக்குள் கிடைத்ததாம். படத்தின் ஒரு மூலை கரைந்திருந்தது. ஆனாலும் முகம் முழுசாக இருந்தது, இடது புருவத்தை வெட்டிக்கொண்டு போகிற பழைய தழும்போடு. ஸ்கேனர் மூடியை மூடுகிற வரைக்கும் தெய்வமணி படத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"இவன்ட முகம் அங்க போகுமா மகள்?"

"போகும் மாமி. அதுக்கு நான் பொறுப்பு."

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொல்லிவிட்டாள், சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கவா முடியும்?

அவளுடைய கணினி பழசு. நாற்பத்தொரு பெரிய படத்தை ஒரே காட்சிக்குள் திணித்ததும் அது மூச்சு வாங்கியது. பக்கம் திரும்ப ஒரு நிமிடம், அதற்குள் இரண்டு தரம் உறைந்து நின்றது. முகாமில் இருக்கிறது இதைவிடக் கிழடாக இருந்தால் என்ன செய்வதென்று யோசித்து, ஒரு கெட்டித்தனம் செய்தாள். படங்களை உள்ளே வைக்காமல், இன்ன படம் கணினியில் இன்ன இடத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் வழி மட்டும் காட்டிவிட்டாள். காட்சி பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. பேர்களை வழக்கமாக அடிக்கிற தமிழ் எழுத்துருவில் அடித்தாள். ஏழு இறுவட்டும் எழுதி, ஒவ்வொன்றாகத் தன் கணினியிலேயே போட்டு, கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்தாள். அத்தனை முகமும் பளிச்சென்று வந்தன. வராமல் எங்கே போகும்? படமெல்லாம் அந்தக் கணினிக்குள்தானே கிடந்தது!

இறுவட்டை வாங்கிப் பார்த்த தெய்வமணி, மடியிலிருந்து திருநீறு எடுத்து அதில் ஒரு கீறு பூசினாள்.

"ஐயோ மாமி, திருநீறு பட்டா ஓடாது!"

"முருகன்ட திருநீறுகா. சித்தாண்டிக் கோயிலுக்குப் போய்க் கொண்டுவந்தனான். ஏன் ஓடாது?"

கேதீஸ்வரி சிரித்துக்கொண்டே மெல்லிய துணியால் அதைத் துடைத்தாள். துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். அவள் பயமெல்லாம் அந்தத் திருநீற்றுத் தூளில்தான் இருந்தது.

அலுவலகத்தில் வெளிக்கள வேலை பார்த்த அழகரத்தினம் யூலை முதல் கிழமை இறுவட்டுகளைக் கொண்டுபோனார். அவரை வாசலோடு நிறுத்தி, வாங்கி வைத்துக்கொண்டார்கள். யூலை இருபதாம் திகதி முகாம் நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அனுப்பப்பட்ட இறுவட்டைப் பார்வையிட்டவர்களில் எவரும் எவரையும் இனங்காட்டவில்லை என்று ஒரே வரி. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

தெய்வமணிக்குக் கேதீஸ்வரியே வாசித்துக் காட்டினாள். மனிசி அழவில்லை. "ஏழு இடத்திலயும் பார்த்தவங்களா?" என்று கேட்டாள். "ஓம் மாமி." "எல்லாச் சனமும் பார்த்ததா?" "ஓம்." பிறகு எழும்பி பஸ்ஸுக்குப் போனாள். அவளுடைய தமையன் கனகசூரியம் பேசாமல் இருப்பாரா? இனியும் ஆவியை அலையவிடாமல் அந்தப் பிள்ளையின் காரியத்தைச் செய் என்று அரித்தெடுத்தார். ஆகஸ்ட் இரண்டாம் திகதி படத்துக்கு மாலை போட்டு, படையல் வைத்து, கடலில் பிண்டம் கரைத்தார்கள்.

ஆகஸ்ட் நடுவில் அலுவலகத்துக்குப் புதுக் கணினி வந்தது. சீடி ஓடுகிறதா பார்ப்போமே என்று கேதீஸ்வரி கைக்கு அகப்பட்ட ஒன்றைப் போட்டாள். முகாமுக்கு எழுதியபோது கூடுதலாக எழுதி வைத்திருந்த எட்டாவது இறுவட்டு அது. முதல் பக்கம் திறந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பெட்டி, அதன் மூலையில் ஒரு சிவப்புக் குறுக்கு. கீழே பேர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. அந்த எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை. அடுத்த பக்கமும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். ஏழு முகாமில் சனம் கூடி நின்று இதையா பார்த்தது? அடி பாவி, என்ன வேலை செய்து வைத்திருக்கிறாய் என்று தன் நெஞ்சிலேயே அடித்துக்கொண்டாள்.

யாரிடமும் வாய் திறக்கவில்லை. திருத்தம் ஒன்று இருக்கிறது என்று மட்டும் மேலாளரிடம் சொன்னாள். இந்தமுறை படங்களைச் சின்னதாக்கிக் காட்சிக்குள்ளேயே வைத்தாள். பேர்களையும் படமாக மாற்றினாள். காட்சியைத் திறக்கிற மென்பொருளையும் இறுவட்டிலேயே ஏற்றினாள். அதுவும் போதாதென்று, சும்மா முகங்களை மட்டும் தனிக் கோப்புறையில் போட்டாள். பிறகு இறுவட்டும் கையுமாக நகரத்தைச் சுற்றினாள். நூலகத்தில் ஒரு கணினி, பள்ளிக்கூடத்தில் இரண்டு, றம்லாவின் தொலைத்தொடர்புக் கடையில் பத்து வருசத்துப் பழசு ஒன்று. றம்லா அலுத்துப்போனாள். "எத்தனை தரம்தான் போட்டுப் பார்ப்பாய் புள்ள? ஓடுதுதானே!" ஓடியது. எல்லாவற்றிலும் ஓடியது. எல்லாத் திரையிலும் உதயரூபன் வெட்டுப்பட்ட புருவத்தோடு அவளைப் பார்த்தான்.

அதை முகாமுக்குள் கொண்டுபோய்க் காட்ட அனுமதி கிடைக்க மூன்று கிழமை சென்றது. அழகரத்தினம் போய்வந்து, கதிரையில் அமர்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, அதன் பிறகுதான் பேசினார்.

"அந்தப் புருவம் வெட்டுப்பட்ட பொடியன், தங்கச்சி. முகாம் ஆஸ்பத்திரியில, காயப்பட்டாக்கள்ற வாட்டில வேலை செய்யிற பிள்ளை படத்தக் கண்டவுடனே சொல்லிற்று. தலையில காயமாம். பேச்சில்ல, பேர் சொல்லத் தெரியல்ல. யூன் மாசத்திலயிருந்து அந்தக் கட்டில்லதான் கிடந்தவனாம்."

"இப்ப?"

"ஆகஸ்ட் ஒம்பதாம் திகதி ஒரு பஸ்ல ஏத்திக்கொண்டு போயிற்றாங்களாம். எங்க எண்டு தெரியாதாம். பேர் இல்லாதவன் எண்டபடியா பதிவும் இல்லையாம்."

யூன், யூலை, ஆகஸ்ட். முதல் இறுவட்டு போன நேரம் அவன் அங்கேதான் கிடந்திருக்கிறான்.

மறுநாள் பனிச்சங்கேணிக்கு பஸ் ஏறினாள். வழியெல்லாம் ஒரு பொய்யைத் தேடிப் பார்த்தாள், ஒன்றும் வாய்க்கவில்லை. தெய்வமணி வாவிக் கரையில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "வாகா மகள், இவ்வளவு தூரம் வந்திருக்காய், சாப்பிட்டிற்றுத்தான் போகணும்" என்று உள்ளே கூட்டிப்போனாள். சுவரில் அந்தப் படம் கண்ணாடிக்குள் இருந்தது. காய்ந்த மாலையும், கீழே ஒரு விளக்கும்.

கேதீஸ்வரி நின்றபடியே சொன்னாள். சிவப்புக் குறுக்கையும் சொன்னாள், திருத்தியதையும் சொன்னாள், வாட்டையும் பஸ்ஸையும் சொன்னாள். "என்ட பிழை மாமி. முகம் போகல்ல. நான்தான் போகுமெண்டு சொன்னனான்."

கணினிக் கதையில் தெய்வமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. திகதிதான் விளங்கியது.

"ஒம்பதாம் திகதி வரைக்கும் இருந்தவனா?"

"ஓம் மாமி."

"நான் ரெண்டாம் திகதியெல்லோ பிண்டம் கரைச்சன்." அவள் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள். "உசிரோட கிடந்த புள்ளைக்கு. என்ட கையால."

திட்டியிருந்தால் கேதீஸ்வரி தாங்கியிருப்பாள். தெய்வமணி திட்டவில்லை. எழும்பி விளக்கை அணைத்தாள். மாலையைக் கழற்றி மூலையில் எறிந்தாள். சட்டத்தின் பின்பக்க ஆணிகளை நகத்தால் நெம்பி, படத்தை வெளியே எடுத்து, சேலையால் துடைத்து நீட்டினாள்.

"இன்னொருக்கா சீடியில போடு மகள். இந்தமுறை முகம் போகுமா?"

கேதீஸ்வரி இரண்டு கையாலும் வாங்கினாள். முகாம்கள் கலைந்துகொண்டிருந்தன. பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்கள் போன இடம் கேட்டால் சொல்ல ஒரு அலுவலகமும் இல்லை. இறுவட்டு இனி எந்தக் கணினியிலும் ஓடும்.

"போகும் மாமி" என்றாள். எங்கே அனுப்புவது என்று தெய்வமணி கேட்கவில்லை.