துணி துவைக்கிற கல்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு குழந்தையைப் புதைத்த இடத்தின் மேல் உட்கார்ந்து நான் மதியச் சாப்பாடு சாப்பிட்டேன். அங்கே பிறந்தது.

இதை முதல் வாக்கியமாக வைக்க மனம் வரவில்லை. வேறு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

(அ) 'அணையை உயர்த்தப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, இறந்தவர்களும் வீடு மாற வேண்டியிருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.' அடித்துவிட்டேன். நன்றாக இருந்தது. அதனாலேயே அடித்தேன்.

(ஆ) 'என் அத்தான் ஓய்வுபெற்ற நில அளவையாளர். சும்மா இருக்கத் தெரியாதவர்.' இது உண்மை. இதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

2

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அணை உயர்ந்தால் மேட்டுக்காடுகள் வரை தண்ணீர் ஏறிவிடும். அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் தங்கள் ஆட்களைச் சொந்த நிலத்தின் மூலையிலேயே புதைத்து வந்தவை. இடத்தைக் காட்டி, யாருடையது, என்ன உறவு என்று சொன்னால், எலும்பையும் மண்ணையும் கல்லையும் எடுத்துப் புதிய இடத்தில் வைத்துத் தருவதாக அணை அலுவலகம் அறிவித்திருந்தது. சொல்ல ஆளில்லாதவை தண்ணீருக்குள் போகும்.

பல இடங்கள் புதர் மண்டிக் கிடந்தன. தேடிக் கண்டுபிடித்துப் படம் வரைய ஆள் வேண்டும். அத்தான் தானே போய்ப் பெயர் கொடுத்தார். "நீ எழுதுறவன்தானே, வந்து எழுது" என்று என்னையும் இழுத்துக்கொண்டார். டேப்பின் ஒரு முனையைப் பிடிப்பது, முள்ளை விலக்குவது, தேய்ந்த எழுத்துகளை விரலால் தடவிப் படிப்பது என் வேலை.

(நண்பர்களிடம் இதைச் சேவை என்று சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதாவது ஒரு கதை சிக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இந்த அடைப்புக்குறிக்குள் வைக்கிறேன். வெளியே வைக்கக் கூசுகிறது.)

3

கதை சிக்கிய அந்த வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். பாதி ஆயுளைச் சாலையில் கழித்துவிட்டு, முழங்கால் வலியோடு வீட்டில் உட்கார்ந்திருந்தார். வீட்டின் பின்னால், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, குட்டைச் சுவருக்குள் அவருடைய அப்பா, அம்மா, தாத்தா வழி ஆட்கள். ஒவ்வொரு கல்லின் முன்னும் நின்று, "இவரு பெரிய கோவக்காரரு, சாகுறப்பகூட டாக்டரைத் திட்டிட்டுத்தான் போனாரு" என்கிற மாதிரி ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்தினார். அவர் மனைவி சற்றுத் தள்ளியே நின்றார். கேட்டதற்கு மட்டும் பதில்.

வேலை முடிந்ததும் சுவருக்கு வெளியே, மரத்தடியில் கிடந்த பட்டைக் கல்லில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன்.

"உள்ள வந்து உக்காந்து சாப்பிடுங்களேன்" என்றார் அந்த அம்மா.

"பரவால்லம்மா. இங்க காத்து நல்லா வருது."

கொஞ்ச நேரம் கழித்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கல்லு சுடும். இதுல உக்காந்துக்கங்க."

"நமக்கு இதுவே சிம்மாசனம்மா" என்றேன். லாரிக்காரர் சிரித்தார். "விடு, துணி துவைக்கிற கல்லுதானே. உக்காந்தா தேஞ்சா போயிடும்" என்றார். நானும் சிரித்தேன். குழம்பு சிந்தியதை என் செருப்பால் தேய்த்துத் துடைத்தேன்.

அந்த அம்மா நாற்காலியை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

4

கை கழுவத் தொட்டிக்குப் போனேன். அந்த அம்மா செம்பில் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நீங்க உக்காந்த கல்லுக்கு அடியில ஒரு குழந்தை இருக்குங்க."

நான் திரும்பி மரத்தடியைப் பார்த்தேன்.

"என் தங்கச்சியோடது. அப்ப அவளுக்குக் கல்யாணம் ஆகல, பேசிட்டு இருந்தாங்க. என்கூட வந்து இருந்தா. இவரு வண்டியோட வெளியூர் போயிருந்தாரு. குழந்தை அழவே இல்ல. நான்தான் குழி தோண்டினேன். யாரும் அந்த இடத்தைத் தோண்டிடக் கூடாதுன்னு கல்லைப் புரட்டிப் போட்டேன். கல்லு எதுக்குன்னு இவரு கேட்டாரு. துவைக்கன்னு சொன்னேன். அன்னையிலிருந்து அதுலதான் துவைக்கிறேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அடிச்சுத் துவைக்க மாட்டேன்" என்றார். "கசக்கித்தான் துவைப்பேன்."

நான் வெட்கப்பட்டேன் என்றுதான் இங்கே எழுத வேண்டும். வெட்கம் வந்தது, பிறகு வந்தது. அதற்கு முன்னால், அந்தக் கணத்தில், என் தலைக்குள் ஓடியது: இதைவிட நல்ல வரி எனக்குக் கிடைக்காது.

"பேரு சொல்லாம அதையும் எடுக்க முடியுங்களா? தண்ணிக்குள்ள விட மனசு வரல."

"குழந்தையோட அப்பா..."

"யாருன்னு நான் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பா. அவளுக்கு இப்பப் பேரன் பேத்தி ஆயிட்டாங்க. இது வெளிய தெரிஞ்சா அவ உயிரோட இருக்க மாட்டா."

அத்தானிடம் மட்டும் சொல்லலாமா என்று கேட்டேன். யோசித்துச் சரி என்று தலையசைத்தார். "வேற எங்கயும் எழுதிராதீங்க" என்றார்.*

* அலுவலகக் காகிதத்தைத்தான் சொன்னார் என்று பிறகு எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

5

வண்டியில் அத்தானிடம் சொன்னேன். அவர் வீட்டுக்கு வந்து மேசையில் படத்தை விரித்தார். ரப்பரை எடுத்துச் சுவர்ப்பக்கத்து எல்லைக்கோட்டை அழித்தார். மரத்தடிக் கல் உள்ளே வரும்படி வளைத்துப் புதிதாக வரைந்தார். எல்லைக்குள் இருக்கும் மண் முழுவதும் புதிய இடத்துக்குப் போக வேண்டும் என்பது விதி.

"கோடு தப்பா இருக்கே அத்தான்."

"தெரியும்டா."

ஒரு முழக் கோட்டுக்காக மந்திரியின் மச்சினனோடு சண்டை போட்டு, தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் வாங்கிப் போனவர் அவர். பென்சிலைக் கீழே வைத்ததும் எழுந்து போய் முகம் கழுவினார். அக்கா என்னவென்று கேட்டதற்கு, கண்ணில் தூசி என்றார்.

6

மாற்றும் நாளில் ஆட்கள் உள்ளே இருந்த கல்லையெல்லாம் எடுத்துவிட்டு மரத்தடிக்கு வந்தார்கள்.

"அட, அது துவைக்கிற கல்லுப்பா" என்றார் லாரிக்காரர். "அதை ஏன் தோண்டுறீங்க? புது வீட்டுல மெஷின் வாங்கியாச்சு."

படம் என் கையில் இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பொய் போதும். பொய்யையே தொழிலாக வைத்திருக்கும் எனக்கு அப்போது ஒன்றும் வாயில் வரவில்லை. நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். நான் பார்த்ததால் லாரிக்காரரும் திரும்பி அவரைப் பார்த்தார். அவர் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எல்லைக்குள்ள இருக்குங்க" என்றார் அத்தான். "எல்லைக்குள்ள இருக்கிறது மொத்தமும் போகணும். ரூல்ஸ்."

லாரிக்காரர் வலிக்கிற முழங்காலோடு குனிந்து, கல்லின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்தார்.

"மெதுவா" என்றார் ஆட்களிடம். "மெதுவாத் தூக்குங்க."

7

இங்கே எனக்கு ஒரு முடிவு தயாராக இருந்தது. அவருக்கு எல்லாம் எப்போதோ தெரியும். மனைவிக்காகத் தெரியாத மாதிரி இருந்துவிட்டார். இரண்டு பக்கம் எழுதினேன், படித்தபோது கண்கூடக் கலங்கியது. கிழித்துவிட்டேன். அவர் காலமெல்லாம் லாரியில் சரக்கு ஏற்றிய ஆள். எதைத் தூக்கினாலும் 'மெதுவா' என்றுதான் சொல்லியிருப்பார். அவருக்குத் தெரியும் என்று நான் முடித்தால், என் பார்வை காட்டிக்கொடுத்ததாக ஆகாது. அந்த முடிவில் காப்பாற்றப்படுகிறவன் நான்தான்.

அவருக்குத் தெரிந்ததா இல்லையா என்பது எனக்குத் தெரி...

8

கல்லும் அதன் அடிமண்ணும் புதிய இடத்தில், பெரியவர்களின் காலடியில் பத்திரமாக இருக்கின்றன. போய்ப் பார்த்துவிட்டு அவர்களுடைய புது வீட்டுக்குப் போனேன். லாரிக்காரர் கடைக்குப் போயிருந்தார். அந்த அம்மா டீ கொடுத்தார்.

"தங்கச்சிகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"எங்கங்க. போன்ல பேசுறப்பப் பக்கத்துல யாராவது இருக்காங்க. எல்லாம் தண்ணிக்குள்ள போயிடுச்சுன்னு நெனச்சுட்டு இருக்கா. நேர்ல வந்தாத்தான் சொல்லணும்." பிறகு லேசாகச் சிரித்தார். "நீங்க கதை எழுதுவீங்களாமே, உங்க அத்தான் சொன்னாரு. என் தங்கச்சி கதைன்னா சோறு தண்ணி வேண்டாம்னு கெடப்பா. ஒரு பத்திரிகை விட மாட்டா."

சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார்.

"இதை எழுதலையே?"

"இல்லம்மா" என்றேன். முதல் நான்கு பகுதிகள் அப்போதே முடிந்திருந்தன.

எவ்வளவோ மாற்றியிருக்கிறேன். லாரி லாரியாக இல்லாமலிருக்கலாம். அணை வேறு ஏதோவாக இருக்கலாம். கல்லை மட்டும் மாற்ற முடியவில்லை. மாற்றினால் கதை இல்லை. அதனால் அந்தத் தங்கை இதைப் படித்தால், நாலாவது பகுதியில் கண்டுகொள்வார். குழந்தை தண்ணீருக்குள் போகவில்லை என்கிற நல்ல சேதி அவருக்கு இப்படியாவது போய்ச் சேரட்டும் என்றுதான் அச்சுக்குக் கொடுத்தேன் என்று அத்தானிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்தத் தங்கை பத்திரிகையைப் பிரிக்கும் அறையில் யார் இருக்கிறார்கள், அவர் இந்தப் பக்கத்தை மூடுகிறாரா, மறைக்கிறாரா, அக்காவுக்குப் போன் போடுகிறாரா என்பதை நான் எழுதப் போவதில்லை. நீங்கள் வேண்டுமானால் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதை எழுத வரும். மிக நன்றாகவே வரும். அதுதான் கேவலம்.