பதினோரு நிமிடத்தில் முப்பத்தேழு வரிகள்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவளுக்கு அலுவலகத்தில் 'துடைப்பம்' என்று பட்டப்பெயர். நடப்பதையெல்லாம் சர்வர் தானாகவே குறித்துவைக்கும் பழைய லாக் ஃபைல்களைப் பெருக்கித் தள்ளுவதில் அவளுக்கு ஈவிரக்கமே கிடையாது. அன்று காலை பத்து மணிக்கு முக்கியமான சர்வரில் டிஸ்க் தொண்ணூற்றாறு சதவீதம் நிரம்பிவிட்டதாக எச்சரிக்கை வந்தது. முழுதும் நிரம்பினால் புதிய அழைப்புகளைப் பதிய இடமிருக்காது.

தேடினால், ஒரே ஒரு ஃபைல் பூதம்போல உட்கார்ந்திருந்தது. தினமும் லாக்கைச் சுருக்கி ஒதுக்கிவிட்டுப் புதிது திறந்து, முப்பது நாள் கடந்ததை அழித்துவிடும் ஏற்பாடு அங்கே உண்டு. அந்த விதியில் இந்த ஃபைலின் பெயரை யாரோ ஓர் எழுத்து தப்பாக அடித்திருந்தார்கள். ஆறு வருடமாக இது மட்டும் யார் கண்ணிலும் படாமல் வளர்ந்திருக்கிறது.

மேலாளர் போனில் அவசரப்பட்டார். "அழிச்சுத் தொலைம்மா. மத்தியானத்துக்குள்ள நிரம்பிட்டா நம்ம பாடு திண்டாட்டம்."

அழிக்கும் முன் ஒருமுறை திறந்து பார்ப்பது அவள் வழக்கம். அழைப்பு வந்த நொடி, எந்த வண்டியைக் கேட்டார்கள், அது அழைப்பை ஏற்றுக்கொண்டதா இல்லையா, எல்லாமே வரிவரியாக இருந்தன. அவள் விரல் தானாகவே மூன்று வருடம் முந்தைய ஒரு தேதியையும் தன் போன் எண்ணையும் அடித்தது.

அன்றுதான் அம்மா குளியலறை வாசலில் சரிந்து விழுந்தாள். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. வண்டி வரப் பதினோரு நிமிடம் ஆனது. அம்மா பிழைத்துக்கொண்டாள், இடது கைதான் முன்போல இல்லை. பக்கத்துத் தெருவிலேயே ஆம்புலன்ஸ் நிலையம் இருந்தும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று அன்றிலிருந்து அவளுக்குள் ஒரு கறுவல். இங்கே வேலைக்குச் சேர்ந்தும் அது ஆறவில்லை.

முப்பத்தேழு வரிகள் வந்தன. இரண்டாவது நொடியில் அழைப்பை எடுத்திருந்தார்கள். பக்கத்துத் தெரு வண்டி ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தது. அடுத்தது பழுது. நாற்பது நொடிக்குள் ஆறு வண்டிகளைக் கேட்டிருந்தார்கள், ஆறும் இல்லை. பிறகு எல்லாருக்கும் பொதுவாக ஓர் அறிவிப்பு. வேலை நேரம் முடிந்து கணினிப் பட்டியலிலிருந்து வெளியேறிவிட்ட முப்பத்தொன்றாம் வண்டி, மூன்றே நொடியில் மறுபடி பட்டியலுக்குள் நுழைந்து அழைப்பை ஏற்றிருந்தது. ரயில்வே கேட் மூடியிருந்ததால் பாதையை மாற்றினார்கள். மருத்துவமனையில் ஸ்கேன் அறையைக் காலி செய்து வைக்கச் சொன்னார்கள்.

அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவள் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்த நேரத்தில், முகம் தெரியாத எத்தனை பேர் அம்மாவுக்காக ஓடியிருக்கிறார்கள்! திரையை மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். அதே நிமிடத்தில் இன்னும் நான்கு வீடுகளிலிருந்து அழைப்புகள். கோடிக்கணக்கான வரிகள், எங்கு நிறுத்தினாலும் யாரோ யாருக்காகவோ ஓடிக்கொண்டிருந்தார்கள்.

மேலாளரை அழைத்து ஒரு மணி நேரம் கேட்டாள். சுருக்கி வேறு மெஷினுக்கு அனுப்பிவிட்டு இங்கே காலி செய்வதாகவும், முடியாவிட்டால் தானே அழித்துவிடுவதாகவும் சொன்னாள். துடைப்பமா இப்படிக் கேட்கிறது என்று அவர் வியந்தார், ஆனாலும் ஒத்துக்கொண்டார். ஐம்பது நிமிடத்தில் ஃபைல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. தப்பான எழுத்தைத் திருத்தி, தினமும் லாக்கை ஒதுக்கும் அந்த ஏற்பாட்டைக் கையாலேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். டிஸ்க் பாதிக்கும் கீழே இறங்கியது.

மாலையில் வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போனாள். முப்பத்தொன்றாம் வண்டியின் ஓட்டுநர் குழாய் போட்டுச் சக்கரம் கழுவிக்கொண்டிருந்தார். தேதியையும் தெருவையும் சொன்னாள். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஞாபகம் இல்லம்மா. எத்தனையோ பேர். அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்கண்ணே. இடது கைதான் சரியா வரல."

"கை போனாப் போகுது. பேச்சு வருதா?"

"நிறுத்தத்தான் முடியல."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குள் வண்டியில் வயர்லெஸ் கரகரத்தது. குழாயைப் போட்டது போட்டபடி ஏறிப் போய்விட்டார். அவள் தண்ணீரை நிறுத்திவிட்டு, சைரன் சத்தம் அடங்கும்வரை அங்கேயே நின்றாள்.