விருந்து மேசையில் இரண்டு ஓட்டை

ஒராஸ்பெக் விருந்து மேசையில் முதல் ஓட்டையைப் போட்டபோது அவர் மனைவி குல்பாஷ் கடைக்குப் போயிருந்தாள். அவள் உருளைக்கிழங்கும் கையுமாகத் திரும்பி வருவதற்குள் இரண்டாவது ஓட்டையும் விழுந்துவிட்டது. பன்னிரண்டு பேர் உட்காரும் மேசை. அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்தது.

"ஏங்க, ஓட்டை போட வேற இடமே கிடைக்கலையா? என் தலையில போட்டிருக்கலாம்ல?"

"உன் தலை ஆடிக்கிட்டே இருக்கும். இதுக்கு ஆடாத பொருள் வேணும்."

அந்த மேசைதான் படம் வரையும் எந்திரம் ஆயிற்று. ஓட்டைக்கு ஒன்றாக இரண்டு பழைய பனிச்சறுக்குக் கம்புகள். மேசைக்குக் கீழே கம்பின் அடியில் பத்துக் கிலோ இரும்பு வட்டு. ரம்பத் துண்டை ராவிச் செய்த கத்திமுனையில் கம்பு ஊசலாடும். ஒரு கம்பின் தலை பேனாவை ஆட்டும், மற்றதன் தலை தாள் வைத்த தட்டை ஆட்டும். இரண்டையும் இழுத்து ஒரே சமயத்தில் விட்டால், பேனா ஆறு நிமிடம் தானே சுற்றிச் சுற்றி வரைந்து, சுற்று குறுகி, நடுவில் வந்து நிற்கும். கரகண்டாவில் முப்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்த மனிதருக்குத் தொங்குகிற எடையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் சரியாக வர ஒன்றரை வருடம் ஆனது.

எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களிடம் "பொழுது போகல" என்று சொல்லி வைத்தார். பச்சைப் பொய். பட்டாளத்தில் இருந்தபோது குதிரை வரைந்தால் குதிரை மூச்சு விடுகிறது என்பார்கள். பன்னிரண்டு வருடமாக வலது கை நடுங்குகிறது. பிறகு இடது கையும் சேர்ந்துகொண்டது. ஒரு நேர்கோடு போட வழியில்லை. கை இல்லாமல் கோடு போட இந்த ஒரு வழிதான் அவருக்கு மிச்சம். இந்த விஷயம் குல்பாஷுக்கும் அவருடைய அக்காவுக்கும் மட்டும் தெரியும். எங்கள் ஊர் வழக்கில் விருந்தாளிக்குக் கிண்ணம் நிறையத் தேநீர் ஊற்றினால் "குடிச்சிட்டுக் கிளம்பு" என்று பொருள், அரைக்கிண்ணம்தான் மரியாதை. அந்த மரியாதையின் புண்ணியத்தில், எந்த விருந்திலும் அவர் கையில் தேநீர் தளும்பியதில்லை.

மார்ச் மாதம், நவ்ரூஸ் புத்தாண்டுப் பண்டிகைக்கு அக்கா மகள் தில்னாஸ் அல்மாட்டியிலிருந்து வருவதாகத் தகவல் வந்தது. குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் போடுகிறவள். வயது இருபத்தெட்டு. குல்பாஷ் பதறிப்போனாள்.

"மொதல்ல அந்தக் கம்பையெல்லாம் கழட்டி ஒளிச்சு வைங்க. அவளுக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. எங்கள் வழக்கப்படி, அக்காள் தங்கை பிள்ளைகள் தாய்மாமன் வீட்டில் மூன்று முறை வேண்டியதைக் கேட்கலாம். கேட்டுவிட்டால் மாமன் வாயில் இல்லை என்ற சொல் வரக்கூடாது. தில்னாஸ் ஐந்து வயதில் செவலைக் குதிரைக் குட்டியைக் கேட்டாள், போயிற்று. கல்லூரிக்குப் போகும்போது கேமராவைக் கேட்டாள், அதுவும் போயிற்று. போதாததற்கு, அவள் ஏழு வயதில் மாமனின் வரைபட நோட்டில் மையைக் கொட்ட, அவர் ஒரு அறை விட்டிருந்தார். மருமக்களை அடித்த கை நடுங்கும் என்பது எங்கள் பெரியவர்கள் வாக்கு. பின்னாளில் கை நடுங்கத் தொடங்கியதும் அக்கா, "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?" என்றாள்.

கம்புகள் கட்டிலுக்கடியில் போயின. மேசைக்குத் துணி விரித்து, ஒரு ஓட்டையின் மேல் குதிரை இறைச்சித் தட்டையும் மறு ஓட்டையின் மேல் ரொட்டிக் கூடையையும் வைத்தாள் குல்பாஷ். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தில்னாஸுக்கு இறைச்சித் தட்டு எட்டவில்லை. அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அது இருந்த இடத்தில் தேநீர்க் கிண்ணத்தை வைத்தாள். கிண்ணம் துணியோடு உள்ளே இறங்கி, தேநீர் அவள் முழங்காலில் கொட்டியது.

"ஐயோ அத்தை! மேசை என் டீயைக் குடிக்குது!"

"அது... எலி," என்றாள் குல்பாஷ்.

"இவ்வளவு வட்டமாவா எலி கடிக்கும்?"

குல்பாஷ் கணவனை முறைத்தாள், வாயைத் திறந்தால் கொன்றுவிடுவேன் என்கிற மாதிரி. ஆனால் தான் செய்ததைக் காட்டாமல் இருக்கத் தெரிந்த கைவேலைக்காரன் இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. கால் மணி நேரத்தில் பாத்திரங்கள் தரைக்கு வந்தன, கம்புகள் மேசைக்கு ஏறின. ஒராஸ்பெக் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கம்புகளை இழுத்து விட்டார்.

ஆறு நிமிடமும் தில்னாஸ் பேனாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காற்றில் புரளும் பட்டுத்துணி போல ஒன்று தாளில் வந்தது. பேனா நின்றதும் மெதுவாகச் சொன்னாள்.

"மாமா, மூணாவதைக் கேட்டுடறேன்."

குல்பாஷ் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

"எடுத்துக்கோ மருமவளே," என்றார் ஒராஸ்பெக்.

எந்திரத்தை மேசையோடு வண்டியில் ஏற்றினார்கள். கால் ஆடாமல் இருக்க அடியில் சொருகிய அட்டைத் துண்டைக்கூட விடாமல் உறையில் போட்டுக் கொடுத்தார். அன்றைய படத்தையும் அவளே எடுத்துக்கொண்டாள். இரண்டு நாள் அவர் அந்த அறைப் பக்கமே போகவில்லை. அந்த மேசையை ஒன்றரை வருடமாகத் திட்டித் தீர்த்த குல்பாஷும், அது நின்ற இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தாள்.

மறு வாரம் தில்னாஸிடமிருந்து போன் வந்தது. குரலில் கோபம்.

"மாமா, எதையோ எடுத்து வச்சுக்கிட்டீங்க."

"என்ன சொல்ற?"

"அம்பது தாள் போட்டுப் பாத்துட்டேன். எனக்குக் கோழிமுட்டைதான் வருது. முட்டைக்குள்ள முட்டை. உங்க படத்துல ஒரு நெளிவு இருக்கு, அது வரவே இல்ல. கொடுத்தா முழுசா கொடுக்கணும் மாமா. குதிரையைக் கொடுத்துட்டு லாடத்தைக் கழட்டிக்கிற ஆளா நீங்க?"

இதைவிட அவளிடம் ஒரு அறை வாங்கியிருக்கலாம். குல்பாஷ்கூட, "நெஜமா ஒண்ணும் வச்சுக்கலையே?" என்று அலமாரி இழுப்பறையைக் குடைந்து பார்த்தாள். கஞ்ச மாமன் என்ற பெயரோடு சாக அவருக்கு விருப்பமில்லை. அடுத்த ரயிலைப் பிடித்தார்.

அல்மாட்டியில் சட்டையைக்கூட மாற்றாமல் மேசைக்கடியில் படுத்துப் பார்த்தார். கத்திமுனை, வட்டு, அட்டைத் துண்டு எல்லாம் இருந்தபடியே இருந்தன.

"நீ விடு, பாப்போம்."

அவள் இரண்டு கம்பையும் இழுத்தாள். வரைந்து வரைந்து உறுதிப்பட்ட கை. இரண்டையும் துல்லியமாக ஒரே நொடியில் விட்டாள். முட்டை வந்தது.

"இப்ப நீங்க விடுங்க," என்று மேசைக்கு எதிரே வந்து நின்றாள். முதுகைக் காட்ட வழியில்லை. ஒராஸ்பெக் கம்புகளைப் பிடித்தார். பிடித்ததும் கம்புகளும் அவரோடு நடுங்கின. விட்டபோது ஒன்று முந்தியது, ஒன்று பிந்தியது. போகிற போக்கில் பக்கவாட்டில் ஒரு தட்டு வேறு. பேனா கோழிமுட்டைப் பாதையை விட்டு விலகி, மடிந்து, புரண்டு ஓடியது. பட்டுத்துணி வந்தது.

அவர் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். எந்திரம் வரைகிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். வரைந்தது தன் கை. அந்த இடத்தில் அவருக்கு அழவேண்டும் போலவும் ஆடவேண்டும் போலவும் இருந்தது.

தில்னாஸ் தாளைப் பார்க்கவில்லை, அவர் கையைப் பார்த்தாள்.

"எத்தனை வருஷமா மாமா இப்படி?"

"பன்னண்டு. உன்னை அடிச்சதுக்குப் பலன்னு உங்கம்மா சொல்றா. நரம்புன்னு டாக்டர் சொல்றாரு. ரெண்டு பேரும் மருந்து தரல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எடுத்துட்டுப் போயிருங்க மாமா. தெரிஞ்சிருந்தா கேட்டிருக்க மாட்டேன்."

"கொடுத்ததைத் திருப்பி வாங்குனா நான் மாமனா? பேசாம இரு."

"அப்ப மாசத்துக்கு ஒரு தடவையாவது வந்து..."

"கேக்காதே," என்று கையை உயர்த்தினார். நடுங்குகிற கையை அவர் ஒளிக்கவில்லை. "மூணும் முடிஞ்சுபோச்சு. இனிமே நானாக் கொடுத்தாத்தான் உண்டு."

சொல்லிவிட்டு, புதுத் தாள் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.