வாலைத் தொலைத்த எழுத்து

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு மருத்துவமனை அச்சறையின் வாசலில். கண் பரிசோதனை அறிக்கைக்கு நகல் கேட்டுப் போயிருந்தேன். வந்த தாளில் பாதி எழுத்துகள் கட்டம் கட்டமாக விழுந்திருந்தன. அச்சறையை நடத்துகிற பெண்மணி, எல்லோருக்கும் 'பேப்பரக்கா', அதைப் பார்த்துச் சிரித்தார்.

"இது நல்ல தப்பு சார். கண்ணுக்குத் தெரியுது."

தெரியாத தப்பு எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன். கூட்டியதும் குறைத்ததும் என் பொறுப்பு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்த அந்தக் காலையில், விதி ஒரு தாளின் வடிவில்..."

(விட்டுவிட்டேன். விதிக்கு இதில் வேலையே இல்லை. ஒரு சின்ன செட்டிங்தான்.)

2.

அந்த செட்டிங்கை மாற்றியவர் பேப்பரக்காவேதான். அச்சு தாமதமாகிறது என்று வார்டுகள் தினமும் திட்டிக்கொண்டிருந்தன. ஃபைலோடு சேர்ந்து வரும் எழுத்துருக்களை இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டாம், அதனிடம் இருப்பதை வைத்தே அடித்துக்கொள்ளட்டும் என்று ஒரு நாள் மாற்றிவிட்டார். வரிசை விறுவிறுவென்று நகர்ந்தது. பாராட்டும் கிடைத்தது. யாரையும் கேட்கவில்லை என்பது அப்போது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

பாராட்டு அவருக்குத் தேவையாக இருந்தது. மருந்தகத்தின் தலைவி அவருடைய நாத்தனார், கணவரின் அக்கா. "என் தம்பி பொண்டாட்டி. நான்தான் சேர்த்துவிட்டேன்" என்று எதிரே வருகிற எல்லோரிடமும் சொல்லுவார். ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

(நாத்தனாரைக் கொடுமைக்காரியாக்க என் பேனா துடித்தது. அடக்கிவிட்டேன். மருந்து விஷயத்தில் அவரைப் போலக் கவனமான ஆளை அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை.)

3.

அன்று காலை பத்தரை மணி. குழந்தைகள் வார்டுக்கான புதிய மருந்து அளவுத் தாள்கள் அடித்து அனுப்பியாகிவிட்டன. கோப்புக்காக எடுத்துவைத்த பிரதியைத் துளையிடும்போது பேப்பரக்காவின் கை நின்றது. மூன்று மாதத்துக்கு முன் அடித்த பழைய தாளில் 25 µg என்று இருந்த இடத்தில் இப்போது 25 mg.

மைக்ரோகிராம் போய் மில்லிகிராம். ஆயிரம் மடங்கு.

போனை எடுத்தார்.

"அண்ணி, குழந்தைங்க வார்டுத் தாள்ல அளவு தப்பா விழுந்திருக்கு. மைக்ரோ எல்லாம் மில்லின்னு வந்திருக்கு."

"என் ஸ்கிரீன்ல சரியாத்தாம்மா இருக்கு. மூணு தடவை படிச்சுட்டுத்தான் அனுப்பினேன்."

"ஸ்கிரீன்ல சரி. பேப்பர்ல தப்பு."

"ஒரே ஃபைல் எப்படிம்மா ரெண்டு விதமா இருக்கும்?"

(நியாயமான கேள்வி. நானும் கேட்டேன். நாம் அனுப்பும் ஃபைல் அப்படியே தாளில் ஏறுவதில்லை. இடையில் ஒரு மென்பொருள் அதைப் படித்து, எந்த எழுத்து எந்த உருவில் எங்கே என்று கணக்கிட்டு, பக்கம் முழுவதையும் புள்ளிகளாக்கித் தருகிறது. தாளில் ஏறுவது அந்தப் புள்ளிகள் மட்டுமே. மருந்தகம் பயன்படுத்தியது ஒரு பழைய குறியீட்டு எழுத்துரு. அதில் m விசையைத் தட்டினால் வாலுள்ள µ வரும். அந்த எழுத்துரு இல்லாத இயந்திரத்துக்கு அது வெறும் m. பிழைச்செய்தி எதுவும் வராது. இயந்திரத்தைப் பொறுத்தவரை அது சரியாகத்தான் அடித்தது.)

விளக்கிச் சொல்ல பேப்பரக்கா வாயெடுப்பதற்குள் மறுமுனையில் இன்னொரு போன் அடித்தது. நாத்தனார் அதை எடுத்துப் பேசுவது கேட்டது.

"என்னது? ஒரு குழந்தைக்கு ஐம்பது குப்பியா?"

கேட்டது குழந்தைகள் வார்டு. வார்டு நர்ஸுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. ஆனாலும் தாளில் அப்படித்தானே போட்டிருக்கிறது என்று மருந்து கேட்டுவிட்டாள்.

"நீ ஓடும்மா," என்றார் நாத்தனார். குரல் மாறியிருந்தது. "ஒரு குப்பிகூட இங்கேருந்து வெளிய போகாது. நீ தாளை எடு."

4.

இரண்டு மாடி. மூச்சு வாங்க வார்டுக்குள் நுழைந்தவரைத் தலைமை நர்ஸ் மறித்தார்.

"எழுத்துல ஆர்டர் இல்லாம எதையும் எடுக்க விடமாட்டேன்."

"அந்த எழுத்தைத்தான் சிஸ்டர் நம்ப முடியல!"

பழைய தாளையும் இன்றையதையும் சேர்த்து நீட்டினார். தலைமை நர்ஸ் இரண்டையும் பார்த்தார். பிறகு அவரே முதல் கட்டிலில் இருந்து தாளை உருவினார். எட்டுக் கட்டில், எட்டுத் தாள்.

(ஒரு கையில் ஊசி ஏறவிருந்த கடைசி நொடியில் கதவு திறக்கிற மாதிரி ஒன்று எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன். எந்தக் குழந்தைக்கும் எதுவும் ஆகவில்லை. அதற்கு மேல் பரபரப்பு வேண்டும் என்கிறவர் வேறு கதை படிக்கலாம்.)

5.

மதியம் கண்காணிப்பாளர் அறை. மேஜையில் விசாரணைப் படிவம்.

"மருந்தகம் பழைய ஃபான்ட்டைப் போட்டதுதானே காரணம்?" என்றார் கண்காணிப்பாளர்.

நாத்தனார் தலை குனிந்திருந்தார். அவர் தலை குனிந்து பேப்பரக்கா பார்த்ததே இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், விஷயம் அத்தோடு முடிந்துவிடும். ஆறு வருட "நான்தான் சேர்த்துவிட்டேன்"னும் முடிந்துவிடும்.

"இல்ல சார்," என்றார். "செட்டிங்கை மாத்தினது நான். ரெண்டு மாசமாச்சு. யாரையும் கேக்கல."

படிவத்தில் அதைத் தன் கையாலேயே எழுதினார். அதன் கீழே நாத்தனார், கேட்காமலே, எழுத்துருவைப் பற்றித் தன் வரியை எழுதினார்.

அந்த இரண்டு மாதத்தில் அடித்த மருந்துத் தாள்கள் நானூற்றுச் சொச்சம். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நாத்தனார் திரையைப் பார்த்து வாசிக்க, பேப்பரக்கா தாளில் விரல் வைத்துத் தொடர்ந்தார். மூன்று நாள். இன்னும் இரண்டு தப்புத் தாள்கள் அகப்பட்டன, இரண்டுமே யாரும் பயன்படுத்தாதவை.

6.

கடைசித் தாள் முடிந்ததும் நாத்தனார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒன்று சொன்னாராம். என்னவென்று கேட்டேன்.

"அது எங்க வீட்டு விஷயம் சார்," என்றார் பேப்பரக்கா.

நானாக எழுதிப் பார்த்தேன். "உன்னைச் சேர்த்துவிட்டது வீண் போகல." இனிப்பு அதிகம். "இனிமே கேக்காம எதையும் தொடாத." இதை எந்த அதிகாரியும் சொல்லுவார். "நீ சொல்லாம இருந்திருந்தா, நானும் கடைசி வரைக்கும்..."

இதை முடிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு நாத்தனாரோ மாமியாரோ, நீங்கள் கடன்பட்டிருப்பதாக நினைவூட்டிக்கொண்டே இருக்கிற ஒருவர் இருப்பார். அவர் வாயில் என்ன வரும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். அன்றைக்கு இருவரும் ஒன்றாகவே படியிறங்கிப் போனார்கள்.