தன் படையலைத் தின்றவர்

“செத்தவனுக்குப் படைச்ச சாப்பாட்டை அந்தச் செத்தவனே கதிரை போட்டிருந்து, இன்னுமொண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை எங்கையும் கேள்விப்பட்டனீங்களே? அந்தச் செத்தவன் நான்தான். பக்கத்திலை நிண்டு பரிமாறினது எமன்!”

டண்டினொங் சந்தைக் கோப்பிக் கடையில் கணேசலிங்கம் இதைச் சொன்னபோது, அவருடைய நெஞ்சுத் தையல் இன்னும் முழுதாய் ஆறியிருக்கவில்லை. பாரம் தூக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். புளுகக் கூடாது என்று சொல்ல மறந்துவிட்டார்.

கதை கேட்பதற்கென்றே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் போன்ற ஆனந்தராஜா கதிரையை முன்னால் இழுத்தார். மகாதேவன் இழுக்கவில்லை. அவர் மதுரைக்காரர், பாலம் கட்டிய என்ஜினியர். கையால் தட்டிப் பார்த்துச் சத்தம் கேட்டால்தான் மேசையை மேசை என்று ஒத்துக்கொள்வார். ஆஸ்பத்திரிக்கு வந்து பார்க்காத ஒரே நண்பரும் அவர்தான்.

“மயக்க மருந்து இன்னும் எறங்கல போல சார். பேசாம காபியைக் குடிங்க” என்றார் மகாதேவன்.

“ஐசே, இது ஒப்பரேஷனுக்கு முதல் நடந்த விசயம்.”

“அப்ப பயத்துல வந்த கனவு.”

பயம் என்று அவர் சொன்னது மட்டும் உண்மை. கணேசலிங்கத்துக்கு அந்த நாட்களில் இருந்த பயத்தைப் பங்குபோட்டுக் கொடுத்திருந்தால் அவுஸ்திரேலியா முழுவதும் கதவைப் பூட்டிக்கொண்டு படுத்திருக்கும். புதன்கிழமை நெஞ்சைப் பிளந்து இரத்தக்குழாயை மாற்றித் தைக்க வேண்டும். செய்யாவிட்டால் வருகிற பொங்கலுக்கு உத்தரவாதமில்லை என்று வைத்தியர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வெளியில் அவர், “வாளோடை வந்தாலும் சிரிச்சுக்கொண்டு படுப்பன்” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். உள்ளுக்குள் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து, தடிமன் காய்ச்சல் என்று சொல்லி வராமல் விடுவதாகத் தீர்மானம். அதிலும் ஒரு ஓட்டை வைத்திருந்தார். சனிக்கிழமை ஏதும் நல்ல சகுனம் கண்டால் போவது, கெட்ட சகுனம் கண்டால் போனைத் தூக்குவது.

அந்தச் சனிக்கிழமைதான் பக்கத்து வீட்டு லூப்பேயின் விழா.

லூப்பே மெக்சிக்கோக்காரி. சிரித்தால் வேலிக்கு இந்தப் பக்கம் இவர்கள் வீட்டுக் குசினியில் கோப்பைகள் ஆடும். தங்கள் ஊர் ஆட்டம், பாட்டு, சாப்பாடு, செத்தவர்களை விருந்துக்குக் கூப்பிடும் நாள் எல்லாவற்றையும் டண்டினொங் மண்டபமொன்றில் முதன்முதலாய்க் கொண்டாடப் போவதாகவும், அக்கம்பக்கத்தாரும் தங்கள் தங்கள் இறந்தவர்களின் படத்தைக் கொண்டுவரலாம் என்றும் சொல்லியிருந்தாள். எங்கள் படையலில் உங்கள் ஆட்களுக்கும் இடம் இருக்கிறது என்றாள்.

கணேசலிங்கம் தகப்பனாரின் படத்தைக் கொடுத்தனுப்பினார். கொடுத்தனுப்பினதாகத்தான் நினைத்தார்.

மண்டபத்துக்குள் காலடி வைத்ததும் சாம்பிராணி மாதிரி ஒரு புகை மூக்கில் ஏறியது. கூரையெங்கும் கத்தரித்த வண்ணக் கடதாசித் தோரணம்; அவற்றில் எலும்புக்கூடுகள் வயலின் வாசித்தன, சைக்கிள் ஓடின. குடையளவு பாவாடை கட்டிய பெண்கள் சுழன்றார்கள். முகத்தை மண்டையோடாய் வரைந்த ஆண்கள் குதிகாலால் நிலத்தை இடித்த இடியில் இவருடைய பழுதான இதயம் தாளம் மாறியது. மனைவி நாகபூசணி வாசலடியிலேயே கடதாசி வெட்டுகிற மேசையில் நின்றுவிட்டாள். வாசலிலிருந்து மேடை வரை ஒரேஞ்சு நிறச் செவ்வந்தி இதழைப் பாதையாய்த் தூவியிருந்தார்கள். அது செத்தவர்கள் வரும் வழியென்று மற்றவர்கள் ஒதுங்கி நடந்தார்கள். இவர் கோயில் திருவிழாவுக்கு வந்த சுவாமி மாதிரி நேராய் அதன்மேலேயே நடந்தார்.

பாதை முடிந்த இடத்தில் படிக்கட்டுப் படிக்கட்டாய்ப் படையல். மெழுகுதிரி, உப்பு, தண்ணீர், எலும்பு வடிவம் வைத்துச் சுட்ட பாண். படங்களுக்கெல்லாம் செவ்வந்தி மாலை. நடுப்படியில், எல்லாவற்றிலும் பெரிய மாலைக்குள், நெற்றியில் சந்தனப்பொட்டோடு, கணேசலிங்கம்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். படம் மாறவில்லை.

சுவருக்குப் பெயின்ற் அடித்தபோது கழற்றிக் கடதாசியில் சுற்றிவைத்த இரண்டு படங்கள். ஒன்று தகப்பனார். மற்றது எழுபதாவது பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் பொட்டு வைத்து எடுத்தது. பிரித்துப் பார்க்கப் பஞ்சிப்பட்டு, கைக்கு வந்ததைத் தூக்கிக் கொடுத்தவர் அவரேதான். லூப்பே மண்டபத்துக் குசினியில் நிற்க, இவரைத் தெரியாத இளசுகள் பொட்டும் பூவுமாய் நன்றாய்ச் சோடித்திருந்தார்கள். இதைவிடக் கெட்ட சகுனத்தை எமதர்மனே நேரில் வந்து இருந்து யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. படத்துக்கு முன்னால் இருந்த சுடர், காற்றில்லாத மண்டபத்தில் அவரைப் பார்த்துச் சாய்ந்தது.

திரும்பிப் பார்த்தார். நாகபூசணி ஒரு மேசை கிட்ட வந்துவிட்டாள். பல்லி சொன்னதற்கே சிட்னிப் பயணத்தை நிறுத்தினவள். இதைக் கண்டால் புதன்கிழமைக்கு அவளும் விடமாட்டாள். பிறகு பொங்கலுக்கு முன் எங்கே கொண்டுபோய் முடியும் என்பது வைத்தியர் சொன்ன கணக்கு. தானே போகாமல் விடுவது வேறு. இப்படி எழுதி ஒட்டினமாதிரி முடிவாகிவிடுவது வேறு. அப்போதுதான் தனக்குச் சாக விருப்பமேயில்லை என்பது அவருக்கு வடிவாய் விளங்கியது.

சட்டெனப் படத்தைத் தூக்கக் கை நீட்டினார்.

பின்னாலிருந்து ஒரு கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது. பனிக்கட்டி மாதிரிக் குளிர்.

மண்டையோடு. கறுப்புத் தொப்பி, கறுப்புக் கோட்டு, கண்ணிருக்க வேண்டிய இடத்தில் கிணறு, உதட்டின் மேலே பல்வரிசை. அது படத்தைப் பார்த்தது. இவரைப் பார்த்தது. மறுபடி படத்தைப் பார்த்தது. வாய் திறக்கவில்லை. அதன் முழங்கால்கள் வெடவெடவென்று அடித்துக்கொண்டன. அது அந்த ஊர் ஆட்டமாக்கும் என்று கணேசலிங்கம் நினைத்தார். கத்த வாயெடுத்தார், காற்றுத்தான் வந்தது. பார்வை நிலத்துக்குப் போனது.

அந்நேரம் லூப்பே பெரிய தட்டொன்றோடு வந்தாள். படத்தைக் கண்டாள், ஆளைக் கண்டாள். ஒரு கையால் வாயைப் பொத்தினாள். சிரிக்கப் போகிறாள் என்று பார்த்தால், சிலுவை போட்டாள். அது அவரை இன்னும் பயப்படுத்தியது.

“படம் வைச்சுக் கூப்பிட்டாச்சு. விருந்தாளி பூவிலை நடந்து வந்தாச்சு” என்று அவள் தன் ஆங்கிலத்தில் சொன்னாள். “இனிச் சாப்பிடாமல் போகேலாது. சாப்பிடு. பிறகு வந்த பாதையாலையே திரும்பிப் போ. பின்னுக்குப் பாராதை.”

கதிரை போட்டாள். மண்டையோடு சோளமடலை உரித்து, உள்ளே இருந்த கொழுக்கட்டை போன்ற ஒன்றை நீட்டியது. தலைக்கு மேலே தன் படம், எதிரே எமன். முதல் வாய் மணலாய் இறங்கியது. இரண்டாவது வாயில் உள்ளே ஒளித்திருந்த மிளகாய் எழும்பியது. என்ன மிளகாய்! யாழ்ப்பாணத்துச் செத்தல் அதற்குப் பக்கத்தில் சீனி. நாக்கு பற்றி, காது பற்றி, தலைமயிர் நுனியில் புகை வந்தது. கண்ணாலும் மூக்காலும் ஓட, “அம்மா!” என்று அலறினார். மேளக்காரன் அடியை விட்டுவிட்டான்.

அலறலின் நடுவில் ஒரு எண்ணம் மின்னியது. செத்தவனுக்கு உறைக்குமா?

“இன்னுமொண்டு தாரும்” என்றார் எமனைப் பார்த்து.

அதை வாயில் வைத்திருக்கும்போதுதான் நாகபூசணி வந்து சேர்ந்தாள்.

“இஞ்சாருங்கோ, உது மாமாவுக்குப் படைச்சதெல்லோ? நீங்கள் ஏன் இருந்து…” நிமிர்ந்தாள். “மாமா எப்ப உங்கட மூக்குக்கண்ணாடியைப் போட்டவர்?”

அவள் முகம் வெளிறிப்போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தது என்று நினைத்தார். வாய்க்குள் இருந்ததை விழுங்கவும் பயம், துப்பவும் பயம்.

நாகபூசணி படத்தைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், வெறும் சோளமடல்களைப் பார்த்தாள்.

“முழுக்கச் சாப்பிட்டிட்டியளே?”

தலையாட்டினார்.

“மிச்சம் வைக்கேல்லையே?”

“இல்லை.”

அவள் மூச்சு விட்டாள். “அப்ப உங்கட திவசம் முடிஞ்சுது. இனி உங்களுக்குப் படைக்க ஒண்டுமில்லை, வாறவனும் வெறுங்கையோடைதான் போவேணும். எழும்புங்கோ. புதன்கிழமை விடியவே வெளிக்கிட வேணும்.”

மேளம் திரும்ப எழுந்தது. பாவாடைகள் இருபக்கமும் அலையடிக்க, மண்டையோடு அவர் கையைப் பிடித்து, தாளத்துக்குத் தப்பித் தப்பி மிதித்து, செவ்வந்திப் பாதையால் வாசல்வரை கொண்டுபோய் விட்டது. அவர் பின்னுக்குப் பார்க்கவில்லை. புதன்கிழமை மயக்க மருந்து முகமூடியை மூக்கில் வைத்தபோதும் நாக்கில் அந்த மிளகாய் எரிந்துகொண்டுதான் இருந்தது.

“அவ்வளவுதான்” என்றார் கணேசலிங்கம்.

ஆனந்தராஜா கண்ணைத் துடைத்தார். “மச்சான், இது புத்தகத்திலை வரவேணும்.”

“கதைப் புத்தகத்துல போடலாம்” என்றார் மகாதேவன், வழக்கத்தைவிடச் சத்தமாய். “எமனாம், கையாம்! யாராவது சாட்சி இருக்கா சார்?”

“சாட்சி என்னத்துக்கு? ஒரு அடையாளம் கிடக்கு.” கணேசலிங்கம் கோப்பியை ஆறுதலாய் உறிஞ்சினார். “பயத்திலை நிலத்தைப் பாத்தன் எண்டு சொன்னனெல்லோ? எமன் செருப்புப் போட்டிருந்தவர். செருப்புக்குள்ளை சாக்ஸ். சாம்பல் நிறம், சிவப்புக் கரை.”

மேசைக்குக் கீழே இரண்டு கால்கள் மெல்ல மெல்லக் கதிரைக்கடியில் பின்வாங்கின.

ஆனந்தராஜா குனிந்து பார்த்தார். நிமிரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மகாதேவன் கோப்பையைச் சுழற்றினார். “பேத்தி தேஜஸ்வினி அந்த மெக்சிகோக்காரங்க கூட ஆடுறா. ஒரு ஆளு கொறையுது தாத்தான்னா. மூஞ்சில பெயின்ட் அடிச்சா யாருக்கும் தெரியாதுன்னு…” குரல் தாழ்ந்தது. “ஐஸ் பெட்டில சோடா பாட்டில் அடுக்கிட்டு வந்து நிமிர்றேன், உங்க போட்டோ. மாலையோட. போயிட்டீங்க, எனக்கு ஒருத்தரும் சொல்லலையேன்னு நெனச்சேன் சார். திரும்பினா, நீங்களே பூ மேல நடந்து வர்றீங்க.”

“அதுதான் கையைப் பிடிச்சனீரோ?”

“சூடு இருக்கான்னு பாத்தேன். என் கை வெறைச்சுப் போயிருந்துச்சு, ஒண்ணுமே தெரியல. ஆஸ்பத்திரிக்கும் அதனாலதான் வரல. மறுபடியும் தொட்டுப் பாக்க தைரியம் இல்ல.”

கணேசலிங்கம் சிரிக்காமல் கையை மேசைமேல் நீட்டினார். மகாதேவன் அதைப் பிடித்தார். பிடித்தபடியே இருந்தார்.

“நடந்துச்சு” என்றார் ஆனந்தராஜாவைப் பார்த்து. “எல்லாமே நடந்துச்சு. ஒரு கணக்குதான் தப்பு. இவர் சாப்பிட்டது ரெண்டு இல்ல சார், மூணு. நான்தானே உரிச்சுக் குடுத்தேன்.”