அவுரிப் பானைக்குள் ஒரு சத்தியம்

“என் பானையைக் கொன்னது நீதான்!”

“அக்கா, நான் எதுக்கு அதை...”

“அக்கான்னு கூப்பிட்டா ஆச்சா? நாக்குல வச்சுப் பாரு! சாம்பல் காரம் சுள்ளுன்னு ஏறணும். இது புளிக்குது. யாரோ எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருக்காங்க!”

“சாம்பல் தண்ணி தெளியறதுக்குள்ள ஊத்திட்டீங்களோ என்னவோ.”

“எனக்கே பாடமா? நீ இந்த வீட்டுக்குள்ள கால் வைக்கும்போதே என் கை முழங்கை வரைக்கும் நீலம்டி!”

“கொஞ்சம் மெதுவா கத்துங்க. நீங்க போடுற சத்தத்துல என் பானையும் செத்துடப் போவுது.”

ஓஷோக்போ ஊரில் ஒரே முற்றம். ஒரே புருஷன், இரண்டு மனைவிகள், ஆளுக்கொரு சாயப்பானை. மூத்தவள் அசாபியின் பானையில் நுரை அடங்கிக் கிடந்தது; இனி அதில் துணிக்குச் சாயம் ஏறாது. இளையவள் மொலாராவின் பானையிலோ அவுரி நுரை செம்பு மினுங்கப் பொங்கி நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க அசாபிக்கு வயிறு எரிந்தது. அவள் மகள் இபிடுனுக்குக் கல்யாணம். மணப்பெண்ணின் துணி பெற்றவள் பானையில்தான் முங்கி எழ வேண்டும். அந்தப் பானை செத்துப்போனால் மட்டுமே இன்னொருத்தியிடம் போகலாம்.

“சந்தையில எவளைக் கேட்டாலும் மொலாரா நீலம், மொலாரா நீலம்! புருஷன் போதலை, சந்தை போதலை, என் மக துணியும் வேணுமா உனக்கு?”

“எனக்கு ஒண்ணும் வேணாம்.”

“அப்போ பானைக்குள்ள கையை விட்டு மாப்போ தாய் மேல சத்தியம் பண்ணு.”

மாப்போ தாய் சாயக்காரிகளின் தெய்வம். பொய்ச் சத்தியம் செய்தவளுக்கு அப்புறம் எந்தப் பானையும் நுரைக்காது. மொலாரா யோசிக்கவே இல்லை; கையை விட்டாள்.

“மாப்போ தாய் சத்தியமா நான் பிழியல.”

அசாபி குரலைத் தாழ்த்தினாள். “யாரு பிழிஞ்சாங்கன்னு தெரியாதுன்னும் சொல்லு.”

மொலாரா கையை மெல்ல வெளியே எடுத்தாள்.

நீலம் ஏறாமல் தடுக்கும் கஞ்சியால் கோலமெழுதிய வெள்ளைத் துணியோடு ஓரமாக உட்கார்ந்திருந்த இபிடுன் எழுந்தாள்.

“சின்னம்மாவை விடும்மா. நான்தான் பிழிஞ்சேன். உன் நீலம் ரெண்டு துவையல்ல வெளுத்துடுது. மாமியார் வீட்டுல சிரிப்பாங்க. உன் மூஞ்சிக்கு நேரா அதைச் சொல்ல எனக்கு வாய் வரல.”

அசாபி மகளை அடிக்கவில்லை, துணியைப் பிடுங்கவில்லை. மொலாராவையே பார்த்துக்கொண்டு மகளிடம் கேட்டாள்:

“இதையும் நீ முதல்ல இவகிட்டதான் சொன்னியாடி?”